காப்பாற்ற வந்தவர்களின் படங்கள்

சென்ற மாதம் பிரியா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது கணினிப் பிரிவைக் கவனிக்கிற பெண், சென்னைக்காரி. நான் லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மனைவி வதனியின் உத்தரவுப்படி முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பதவி அது.

"சார், ஒரு சின்ன டவுட். இப்பல்லாம் படத்துக்கு விவரம் மெஷினே எழுதுது. ஒண்ணு படிக்கறேன், கேளுங்க. 'அன்பான பெண்மணி ஒருவர் தொட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார். குழந்தை அழுகிறது.' சரிதானே சார்?"

"பெண்மணியின்ரை தலையில என்ன இருக்கு?"

"ஹெல்மெட். பக்கத்துல ஒரு ஈட்டி சாத்தி வச்சிருக்கு."

"குழந்தைக்கு?"

அவள் படத்தைப் பெரிதாக்குகிற க்ளிக் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தாடி இருக்கு சார்."

அந்தத் தாடிக்காரக் குழந்தை உண்மையில் ஓர் ஆபிரிக்க அரசர். தலைக்கவசம் அணிந்த பெண்மணி பிரித்தானியா, இந்த நாட்டையே ஒரு பெண்ணாக வரைகிற உருவம். அரசருக்குத் தன்னை ஆளத் தெரியாது, குளிக்கக்கூடத் தெரியாது, யாராவது போய்ச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று லண்டன் பத்திரிகையில் வந்த படம் அது. படம் வந்த சில மாதங்களில் போர்க்கப்பல்களும் அங்கே போய்விட்டன. மெஷினைக் குறை சொல்ல முடியாது. ஓவியர் எதைப் பார்க்க வேண்டுமென்று நினைத்தாரோ அதை அது அப்படியே பார்த்திருக்கிறது. அந்தக் காலத்தில் காலை உணவு மேசையிலிருந்து பத்திரிகையைப் பிரித்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

"இதையெல்லாம் நீங்க எழுதி வைக்கலாமே சார்?" என்றாள் பிரியா.

எழுதுகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டேன். முருங்கைக்காயிலிருந்து தப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவன். அகதியாக லண்டன் வந்து, பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் அடித்து, மாலை வகுப்பில் நூலகப் படிப்பு முடித்தேன். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லக் காரணம், எங்கள் ஊர்க்காரர் எல்லோரிடமும் இதே கதைதான் இருக்கிறது. கடைசி வரி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். என் கடைசி வரி கொஞ்சம் விசித்திரமாக அமைந்துவிட்டது. மத்திய லண்டனில் ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் இருந்த கேலிச்சித்திரச் சேகரிப்பில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு ஓய்வூதியம் தருகிற இடம் அது.

இருநூறு வருடத்துப் பத்திரிகைக் கார்ட்டூன்கள் அங்கே இழுப்பறை இழுப்பறையாக இருந்தன. ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று சொற்களில் எழுதிவைக்க வேண்டும். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தேடும்போது அந்தச் சொற்களை வைத்துத்தான் படத்தைக் கண்டுபிடிப்பார்கள். வதனியின் தம்பி குகன் சட்டனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். அவன் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வான்: "இவர் எங்கடை அத்தான். கார்ட்டூன் பாக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிறார்." எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பது நானாகத்தான் இருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே என் மேதைமை வெளிப்பட்டது. என்னிடம் ஒரு படத்தைத் தந்து விவரம் எழுதச் சொன்னார்கள். கடற்கரை. சிப்பாய்த் தொப்பி போட்ட சிங்கம் ஒன்று புலியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சிங்கத்தின் பின்னால் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். அப்போது ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. லண்டனில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் பிரச்சினையை இவ்வளவு துல்லியமாக வரைந்திருக்கிறாரே என்று நினைத்து, உணர்ச்சி பொங்க எழுதினேன்: "சிங்களப் பேரினவாதம் தமிழர் போராட்டத்தை நெரிக்கிறது. பெண்ணின் அடையாளம் தெளிவில்லை."

என் மேலதிகாரி மிஸ் ஆட்கின்ஸ் அதைப் படித்தார். அவர் அப்போது ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். அவர் ஆப்பிளைத் தின்றால் நடுத்தண்டு வரைக்கும் தின்றுவிடுவார். விதைகளை மட்டும் உள்ளங்கையில் துப்பி, ஜன்னலோரம் இருந்த பூச்சாடிக்குள் போடுவார். அந்தச் சாடியில் எதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை. அவர் விதைகளைப் போட்டுவிட்டு வந்து என் தாளை மறுபடியும் படித்தார்.

"சிவா, இந்தப் படம் விக்டோரியா மகாராணி காலத்தில் வந்தது. சிங்கம் எங்கள் நாடு. புலி, இந்தியாவில் எங்களை எதிர்த்தவர்கள்."

நான் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"அந்தப் பெண் எந்தப் பக்கம் என்று நினைத்தாய்?"

"தெரியவில்லை. அதனால்தான் தெளிவில்லை என்று எழுதினேன்."

"இதில் நீ சரியாக எழுதியது அந்த ஒரு வாக்கியம்தான்" என்றார். சிரிக்கவில்லை. அவர் எங்கள் முன்னால் சிரித்ததே குறைவு. திட்டியதும் இல்லை. யாராவது அளவுக்கு மீறிப் பேசினால் கண்ணாடியைக் கழற்றி, கழுத்தில் தொங்கிய இன்னொரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ம், அப்புறம்?" என்று கேட்பார். அந்த "அப்புறம்" என்ற சொல்லுக்கு முன்னால் பெரிய பெரிய பேராசிரியர்கள் நா வறண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான் எத்தனை முறை நின்றேன் என்பது வேண்டாம்.

அன்றே எனக்குத் தன் முறையைக் காட்டினார். படத்தை மேசையில் வைத்ததும் அதன் அடியில் இருக்கும் தலைப்பு வாசகத்தை ஒரு பழுப்பு அட்டைத் துண்டால் மூட வேண்டும். வாசகம் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது சொன்னதைத்தான் படத்தில் பார்ப்போமாம். மூடிவிட்டு, இருப்பதை மட்டும் எழுத வேண்டும். யார் பெரிதாக வரையப்பட்டிருக்கிறார், யார் சிறிதாக? யாருடைய பாதம் தரையில் ஊன்றியிருக்கிறது? யாருடைய வாய் திறந்திருக்கிறது? சட்டையில் நாட்டின் பெயர் எழுதியிருந்தால் அது யாருடைய சட்டை? அடைமொழிகளுக்குத் தடை. "வீரம் மிக்க தளபதி" என்று எழுதினால் சிவப்புப் பென்சில் வரும், "வாள் வைத்திருக்கும் ஆண்" என்று மாறும். "காட்டுமிராண்டிகள்" என்று எழுதினால் "இடுப்பில் துணி கட்டிய ஆண்கள், ஐவர்" என்று ஆகும். இவ்வளவும் எழுதிய பிறகுதான் அட்டையை எடுக்கலாம். அதற்கும் பிறகு, படம் வந்த வாரத்தின் பத்திரிகைகளை எடுத்து, எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தப் படை எங்கே புறப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

"அநேகமாகக் கப்பல் பிறகுதான் புறப்படும். படம் முதலில் போய்விடும்" என்பார்.

இந்த முறை எனக்கு நோயாகவே தொற்றிக்கொண்டது. ஒருநாள் வதனி புதுச் சீலை கட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"எப்பிடி இருக்கு?"

"நீலம். கரை இருக்கு" என்றேன்.

அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் நானாகவே "வடிவான" என்ற அடைமொழியைப் போட்டுப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

வருடங்கள் போயின. ஒரு பாலைவன நாட்டின் மேல் படையெடுப்பதா வேண்டாமா என்று இந்த நாடே வாதாடிக்கொண்டிருந்த சமயம். பத்திரிகைகளில் அந்த நாட்டு அதிபரைச் சிலந்தியாகவும் எலியாகவும் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். வெளிநாட்டுக்குப் படை அனுப்பி, அது நல்லபடியாக முடிந்ததைக் காட்டுகிற பழைய கார்ட்டூன் ஒன்று வேண்டுமாம். தேடித் தருபவரின் பெயரை நிகழ்ச்சியின் முடிவில் போடுவார்களாம்.

அந்தக் கடைசி வாக்கியம் என் மூளையைக் கலக்கிவிட்டது. இழுப்பறைகளுக்குள் தலையை விட்டவன் வாரம் முடிகிறவரை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. ஒரு சிப்பாய் முழங்காலிட்டுக் கிராமத்துப் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுக்கிறார். சுற்றி நின்று ஊரே கை தட்டுகிறது. நான் அதை ஏந்திக்கொண்டு மிஸ் ஆட்கின்ஸிடம் ஓடினேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியை மாற்றினார். "அதே ஓவியர் அடுத்த வருடம் என்ன வரைந்தார் என்று பார்த்தாயா?"

போய்ப் பார்த்தேன். அதே கிராமம், அதே சிப்பாய். கிராமத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸ் காலை மேசைமேல் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். பிள்ளை அவருடைய பூட்ஸைத் துடைக்கிறது. அடியில் வாசகம்: "இன்னும் கொஞ்ச நாள்தான்."

இரண்டையும் அனுப்பினேன். நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று குகன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். வதனி ரோல்ஸ் பொரித்தாள். முதல் படம் திரையில் மின்னிவிட்டு மறைந்தது. இரண்டாவது வரவே இல்லை. முடிவில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அத்தான், உங்கடை பேர் எங்கை?" என்றான் குகன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். சிவநேசன் என்ற என் பெயர் தொலைபேசியில் போன வழியில் எங்கேயோ விழுந்து எழும்பி, "ஷீலா நெல்சன்" என்று வந்திருந்தது. பிறகு சில காலம் எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். போர் தொடங்கியது. அதற்கு ஷீலா நெல்சன் காரணமில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த அம்மாவைத் திரையில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனிச் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் அதில் என் பங்கு சிரிப்புக்கு உரியதுதான்.

ஊரில் போர் முடிகிற தறுவாயில் இருந்தது. வதனியின் தங்கை சுகந்தி, கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். கடைசியாக அவள் பேசியபோது பின்னால் ஷெல் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தொடர்பே இல்லை. எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் சதுக்கத்தில் கூடி நின்று கத்தத் தொடங்கியது அப்போதுதான். வதனி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் தினமும் போனாள். குகன் மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு, சட்டனிலும் மோர்டனிலும் இருந்தவர்களைத் தன் கடை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான்.

ஒருநாள் அவன் என்னிடம் வந்தான். முன்பு கேலி செய்த முகம் இல்லை.

"அத்தான், நீங்கள் இவ்வளவு காலமாய்ப் படங்களோடை வேலை செய்யிறியள். எங்களுக்கு ஒரு படம் வேணும். வெள்ளைக்காரன் பாத்த உடனை அவனுக்கு விளங்கவேணும், நாங்கள் என்ன கேக்கிறம் எண்டு. உங்களாலை ஏலும்தானே?"

ஏலும் என்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக என் வேலையால் யாருக்கோ பயன் வரப்போகிறது. எந்தப் படம் என்று உடனே தெரிந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டு மக்களுக்குப் பழகிய படம். நடுக்கடலில் ஒரு பாறைத் தீவு. அதில் ஒரு பெண்ணைப் பெரிய பாம்பு சுற்றி வளைத்திருக்கிறது. இரும்புக் கவசம் போட்ட வீரர் ஒருவர் உருவிய வாளோடு படகிலிருந்து இறங்குகிறார். ஒரு பசிபிக் தீவுக்குப் படை அனுப்பச் சொல்லி அந்தக் காலத்தில் வரைந்தது. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம். ஆனால் மிஸ் ஆட்கின்ஸிடம் சொல்லாமல் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் நான் சொல்வதைக் கேட்டார். எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, இரண்டு கைகளாலும் படத்தைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். இருவருக்கும் மனப்பாடமான வாசகத்தின் மேல் பழுப்பு அட்டையை வைத்தார்.

"சொல்" என்றார்.

"ஒரு பெண். முழங்காலில் இருக்கிறாள். கைகளைக் கூப்பியிருக்கிறாள். ஒரு பாம்பு. கவசம் அணிந்த ஆண், ஒரு கால் படகில், ஒரு கால் கரையில்."

"அவளுடைய பாதம்?"

"தெரியவில்லை. பாறை மறைக்கிறது."

"வாய்?"

"மூடியிருக்கிறது."

"அந்த ஆள் அந்தத் தீவில் எவ்வளவு காலம் இருந்தான்?"

"அவனுடைய பேரன்மார் காலம் வரைக்கும்."

"எல்லாம் தெரிந்துகொண்டு கேட்கிறாய்."

"தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்த நிலவறையில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. "என் மனைவியின் தங்கை அங்கே இருக்கிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்தப் படம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் சனத்துக்குப் பார்த்தவுடன் புரிகிற பொய் இது ஒன்றுதான். நான் வேறு எதைக் கொண்டுபோவது?"

"ம், அப்புறம்?" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மற்றக் கண்ணாடியைப் போடவில்லை. இரண்டும் கழுத்தில் தொங்க, படத்தை எடுத்துக்கொண்டு பிரதி எடுக்கும் மெஷினிடம் போனார். அந்த மெஷின் மேல் அவருக்குத் தீராத வெறுப்பு. அதற்கு முன்பு அவர் அதைத் தொட்டு நான் கண்டதில்லை. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் நின்றார். நான் உதவப் போனேன், கையால் தடுத்துவிட்டார். இரண்டு வெற்றுத் தாள்களுக்குப் பிறகு பிரதி வந்தது. மெல்லிய தாளில் சுற்றித் தந்தார்.

"இதைக் கண்டு யாராவது அசைவார்கள் என்று நினைக்கிறாயா?"

"இல்லை."

"நானும் நினைக்கவில்லை. ஆனால் நீ போகாமல் இருப்பதற்கு அது காரணமில்லை" என்றார். "மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல்."

குகன் அதைப் பெரிதாக்கி, பலகையில் ஒட்டி எடுத்துவந்தான். வீரரின் மார்பில் "பிரித்தானியா", பெண்ணின் சேலை போன்ற உடையில் "தமிழர்" என்று ஆங்கிலத்தில் எழுதினோம். பாம்பில் தகராறு வந்துவிட்டது.

"பாம்பு ஆருக்கு விளங்கும்? அதை அழிச்சுப்போட்டுச் சிங்கத்தை வைப்பம்" என்றான் குகன்.

"சிங்கம் இந்த நாட்டின்ரை சின்னமடா. சிங்கத்தை வெட்டு எண்டு வெள்ளைக்காரனிட்டைச் சொன்னா, தன்னையே வெட்டச் சொல்லுறம் எண்டு நினைப்பான்."

இதை நான் முதல் வாரமே அடிபட்டுப் படித்தவன் அல்லவா? பாம்பு பாம்பாகவே இருந்தது.

அந்த நேரம் வதனி சதுக்கத்திலிருந்து வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே பலகையின் முன் நின்றாள்.

"இது ஆர்?" குரல் கட்டிப்போய்க் காற்றுத்தான் வந்தது.

"நாங்கள்" என்றேன்.

"ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறா? நான் காலமையிலயிருந்து கத்திக் கத்தித் தொண்டையே போச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது களைப்பில் வந்த பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன். நான் நிபுணன் அல்லவா.

மறுநாள் பலகையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தில் நின்றேன். என் ஆயுட்கால அறிவு முழுவதும் அந்தப் பலகையில் இருந்தது. முதலில் வந்தவர், இங்கிலாந்துக் காற்பந்துச் சட்டை போட்ட இளைஞர். வீரரைப் பார்த்ததும் தன் நாட்டின் காவல் புனிதர் என்று நினைத்து மகிழ்ந்துபோய், "சென்ட் ஜோர்ஜ்! அருமை!" என்று என் தோளில் தட்டி, என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சுற்றுலாக்காரி, இந்த நாடகம் எந்த அரங்கில் நடக்கிறது என்று கேட்டார். கடைசியாக ஒரு பொலிஸ்காரர் மிகவும் மரியாதையாக, அந்தப் பாம்பு வருமான வரியைக் குறிக்கிறதா என்று விசாரித்தார். குகன் மெல்ல மெல்ல விலகிப்போய், என்னைத் தெரியாதவன்போல ஒரு மரத்தடியில் நின்றான்.

வதனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பலகையை என் கையிலிருந்து வாங்கிப் புல்லில் குப்புறப் போட்டாள். யாரிடமோ தடித்த பேனா ஒன்றை வாங்கி, முழங்காலிட்டு உட்கார்ந்து, வெறுமையான பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். "என் தங்கை சுகந்தி அங்கே இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தயவுசெய்து கேளுங்கள்."

எழுதி முடித்து எழுந்தாள். ஒரு ஓரத்தை அவள் பிடித்தாள், மறு ஓரத்தை நான் பிடித்தேன். கடைப் பையோடு போன ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் நின்று வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"பிள்ளைகளுக்கு என்ன வயது?" என்று கேட்டார்.

வதனி சொன்னாள், வெறும் காற்றாக வந்த குரலில். அந்தப் பெண் பையைத் தரையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மழை வந்தபோது தன் குடையை விரித்து வதனியின் தலைக்கு மேலே பிடித்தார். பலகைக்குப் பின்னால் நான் மட்டும் நனைந்தேன். இப்போது என் பக்கம் திரும்பியிருந்த படத்தில், கவசக்காரர் உருவிய வாளை என் தொப்பைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.

யாரும் வரவில்லை. போர் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி நான் விவரம் எழுதப்போவதில்லை. கடைசியில் ஒரு முகாமிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் சுகந்தி பேசினாள். அவளும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அவளுடைய கணவர் இல்லை. வதனி தொலைபேசியை வைக்காமல் தரையில் உட்கார்ந்தாள். குகன் கடைக்குள் போய், உள்ளே பூட்டிக்கொண்டு, வெளியே வர மறுத்தான். நான் அலுவலகத்துக்குப் போய் மிஸ் ஆட்கின்ஸிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த ஆப்பிளை மேசையில் வைத்தார். அன்று அதை அவர் முடிக்கவில்லை.

சில வருடங்களில் அவர் ஓய்வு பெற்றார், அவருடைய மேசைக்கு நான் வந்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கோடையில், காப்பாற்றப் போனவர்களின் படங்களை எல்லாம் திரட்டி ஒரு கண்காட்சி வைத்தேன். சிங்கங்கள், கவசக்காரர்கள், பிஸ்கட் சிப்பாய்கள், தாடி வைத்த குழந்தைகள். பார்க்க வந்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகளை அழைத்துவந்திருந்தார்கள், கார்ட்டூன் என்றால் சிரிப்பாக இருக்கும் என்று நம்பி. அழும் பிள்ளைகளைச் சமாதானம் செய்வதிலேயே முதல் வாரம் எனக்குப் போனது.

அந்தக் கோடையில்தான் சுகந்திக்கு விசா கிடைத்து அவள் முதன்முதலாக லண்டன் வந்தாள். பிள்ளைகள் வளர்ந்து கொழும்பில் வேலை பார்க்கிறார்கள். லூயிஷாம் சிவன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம், சட்டனில் குகனின் கடையைக் காட்டினோம். "நீங்கள் என்ன வேலை செய்யிறியள் எண்டு ஒருக்காப் பாக்கவேணும், அத்தான்" என்று அவளே கேட்டாள்.

அவளுக்கு இடது காலில் இன்னும் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் நோகும். கண்காட்சி மண்டபத்தின் நடுவில் இருந்த நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலைத் தடவிக்கொண்டே நாலு சுவரையும் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். எந்த வருடம், எந்தப் பத்திரிகை, எந்தத் தீவு. எனக்கே நன்றாக இருந்தது என் பேச்சு. அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

"அத்தான், இவ்வளவு பேரும் ஆரையோ காப்பாத்தத்தான் போறினமோ?"

"ஓம். படத்திலை அப்பிடித்தான்."

"அங்கை இருந்த சனம் இவையைக் கூப்பிட்டதோ?"

"இல்லை. அநேகமாய் ஒருத்தரும் கூப்பிடேல்லை."

அவள் காலைத் தடவுவதை நிறுத்தினாள்.

"கூப்பிடாத இடத்துக்கெல்லாம் போயிருக்கினம். நாங்கள் பங்கர்க் குழிக்குள்ளை இருந்து கூப்பிட்டனாங்கள். அக்கா இங்கை நிண்டு கூப்பிட்டவ. ஒருத்தரும் வரேல்லை." அவள் குரலில் கோபம் இல்லை, விலை விசாரிக்கிறவள்போலப் பேசினாள். "வந்திருந்தா அவர் இண்டைக்கு இருந்திருப்பாரோ? இல்லாட்டி இந்தப் படங்களிலை மாதிரி, வந்தவையும் எங்கடை தலையிலை ஏறி இருந்திருப்பினமோ? உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே, சொல்லுங்கோ."

என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. இந்தச் சுவர் ஒரு பதில் சொல்கிறது, அந்தச் சுவர் வேறொரு பதில் சொல்கிறது. அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் பல்கலைக்கழகங்களில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் பேசியிருக்கிறேன், கை தட்டியிருக்கிறார்கள். வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியாது, சுகந்தி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தை எடுத்து, நோகிற காலில் மெதுவாக மாட்டினாள்.

"நல்லது" என்றாள். "தெரியும் எண்டு சொல்லியிருந்தியள் எண்டா, நான் உங்களோடை இனிக் கதைச்சிருக்க மாட்டன்."